காவலும் கேடியும்

(மதுரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேட்டை செய்கிற பிள்ளையை நம் வீடுகளில் 'சரியான கேடி' என்போம். சில நேரம் கோபத்தில் சொல்கிறோம், பல நேரம் கொஞ்சிக்கொண்டே சொல்கிறோம். கேடு என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு ஆங்கில எழுத்துகள்: கே, டி. 'நோன் டெப்ரடேட்டர்' என்று வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பதிவேட்டில் எழுதியதன் சுருக்கம். அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்று பொருள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் ராத்திரியில் கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டி, ஆள் வீட்டில் இருக்கிறானா என்று பார்ப்பார். ஊரில் எங்கே கன்னம் வைத்தாலும் முதலில் தேடுவது அந்த வீட்டைத்தான்.

அறியப்பட்டவன் என்றால், அறிந்தவர் யார்? இன்று நான் பேச வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். சென்னை மாகாணத்தில் யாரைக் குற்றவாளி என்பது, யார் அதைச் சொல்வது, சொன்னவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளில் எப்படி மாறிப்போயின என்று பார்ப்போம்.

போலீசுக்கு முன்னால் இங்கே இருந்தது காவல். ஊருக்குள் இருந்த காவலை ஸ்தலக் காவல் என்றார்கள். பல ஊர்களைச் சேர்த்துப் பாளையக்காரர் பார்த்த காவல் தேசக் காவல். அறுவடையானதும் களத்திலேயே காவல்காரருக்கு நெல் அளந்துவிடுவார்கள். சில இடங்களில் மானிய நிலமும் உண்டு. இதில் முக்கியமானது கூலி அல்ல. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். காவல் என்ற சொல்லுக்குள் இந்த ஈடுகட்டும் பொறுப்பும் அடக்கம்.

சென்னைப் பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியேகூட முதலில் இந்த முறையைத்தான் நம்பியிருந்தது. கறுப்பர் நகரத்தைக் காக்கப் பெத்தநாயக்கர் என்ற பரம்பரைக் காவல் தலைவரை அமர்த்தினார்கள். அவருக்கு வயலும் உண்டு, சரக்குகள் மேல் சிறு தீர்வையும் உண்டு. திருட்டு நடந்தால் பொருளை மீட்கவோ ஈடு தரவோ அவரே பொறுப்பு. பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தப் பெயருக்குள் ஒரு காவல் ஒப்பந்தம் இருப்பது அந்தத் தெருக்களில் நடக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

பழைய காவலை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. அதற்குள்ளும் கொடுமை இருந்தது. காவல் கூலி கொடுக்க மறுத்தவனின் மாடு காணாமல் போகும், வைக்கோல் படப்பு தீப்பிடிக்கும். களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் 'துப்புக்கூலி' என்று ஒரு தொகை வாங்கினார்கள். பிடித்துக்கொண்டு போனவனுக்கும் துப்புச் சொன்னவனுக்கும் உறவு இருந்த நேரங்கள் ஏராளம். 1896இல் மதுரை மாவட்டத்தில் அம்மையப்பக் கோன் என்பவர் முன்னின்று, குடியானவர்கள் 'பண்டு' என்ற பெயரில் பணம் சேர்த்து, இனிக் கள்ளர் சாதியார் பார்க்கிற காவலே வேண்டாம் என்று எழுந்தார்கள். காவல் கூலி சுமையாகிப் போனதும் உண்மை, அந்தக் கோபத்தில் பல ஊர்களில் கள்ளர் குடும்பங்கள் பிழைப்பை இழந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. காவல்காரர் ஊருக்குக் கடன்பட்டவர். தவறினால் அவர் களத்து மேட்டில், ஊரார் முகத்துக்கு முன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைக் கம்பெனி உடைத்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். பாளையங்கள் விழுந்ததோடு தேசக் காவலும் விழுந்தது. காவல் வரவுகளைக் கம்பெனி தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது, ஆயுதங்களைப் பறித்தது. பிறகு 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி கலெக்டரே மாஜிஸ்திரேட் ஆனார், தாசில்தாரே போலீஸ் தலைவர் ஆனார். மணியக்காரரும் தலையாரியும் அவருக்குக் கீழே வந்தார்கள். வரி வசூலிக்கிற கையிலேயே அடிக்கிற தடியையும் கொடுத்தார்கள்.

அதன் விளைவு அச்சில் கிடைக்கிறது. 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையை, சட்டமும் வரலாறும் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது புரட்ட வேண்டும். கஜுலு லட்சுமிநரசு செட்டி தலைமையில் சென்னைச் சுதேசிச் சங்கத்தார் குடிமக்களின் துன்பத்தைப் பாராளுமன்றம் வரை கொண்டுபோனார்கள். டான்பி சீமூர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1854இல் லண்டனில் விவாதம் நடந்தது, அதன் பிறகே எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் குழு அமைந்தது. குழுவிடம் வந்த புகார்கள் 1,959. நெடுந்தூரம் நடந்து வந்து, வாசலில் காத்திருந்து சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

அந்த ஆங்கில அறிக்கைக்குள் நம் சொற்கள் இருக்கின்றன. கிட்டி என்றதும் நமக்குக் கிட்டிப்புள் ஆட்டம் நினைவுக்கு வரும். அறிக்கையில் வரும் கிட்டி வேறு. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள், நடுவில் மனிதனின் விரல்கள், பிறகு அழுத்தம். அண்ணாந்தாள் இன்னொன்று. தலையைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல் ஏற்றி வெயிலில் நிறுத்துவது. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதையும் அறிக்கை சொல்கிறது. பெரும்பாலும் எதற்காக? கொலையைக் கண்டுபிடிக்கவா, கொள்ளையைத் தடுக்கவா? இல்லை, கிஸ்தி பாக்கிக்காக. சில ரூபாய் நிலவரிக்காக ஒரு சம்சாரியின் விரல் நசுங்கியது. அவன் புகார் சொல்லப் போனால் அங்கே உட்கார்ந்திருந்ததும் அதே அலுவலகத்து ஆள்.

குழு, கொடுமை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. பழியை மட்டும் கீழ்மட்ட இந்திய ஊழியர்கள் மேல் போட்டு, வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. இந்த அறிக்கையைப் படித்துவிட்டு 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் எழுதிய கார்ல் மார்க்ஸ் இந்தத் தந்திரத்தைக் கண்டுகொண்டார். தஞ்சாவூரையோ நெல்லூரையோ பார்த்திராத ஒருவருக்குத் தெரிந்தது, இங்கே கோட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அறிக்கைக்குப் பிறகு வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். நாடு முழுவதற்குமான 1861 சட்டத்துக்கும் இது மூத்தது. வரித் துறையிலிருந்து போலீசைப் பிரித்ததும், மாகாணத்துக்கு ஒரு தலைமை அதிகாரி, மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டென்டென்ட், சம்பளம், சீருடை எல்லாம் வந்ததும் முன்னேற்றம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த மாதிரியை எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். லண்டன் நகரத்துக்குத் துப்பாக்கி இல்லாத போலீஸ் இருந்தது. அதைக் கொண்டுவரவில்லை. அடங்காத அயர்லாந்தை அடக்குவதற்காக உருவாக்கி, ஆயுதம் கொடுத்துப் பாசறையில் வைத்திருந்த ஐரிஷ் கான்ஸ்டபுலரியைக் கொண்டுவந்தார்கள். தன் நாட்டு மக்களுக்கு ஒரு போலீஸ், ஆளப்படுகிற மக்களுக்கு வேறு போலீஸ். கான்ஸ்டபிளாக நம்மவர் சேரலாம், உயரதிகாரியாக முடியாது. மேலே கலெக்டருக்குப் பதில் சொன்னால் போதும், கீழே ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. களவு போன மாட்டுக்கு ஈடு தருவது என்ற பேச்சே இந்தச் சட்டத்தில் எழவில்லை.

அந்தப் போலீசை ஆட்சியாளர்களே நம்பவில்லை என்பதற்குச் சான்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்ற அச்சத்தில் வைத்த பிரிவு அது. 2023இல் சட்டத்தின் பெயர் மாறியது, பிரிவு எண் மாறியது, ஆனால் அந்தத் தடையை நீக்க யாருக்கும் துணிவு வரவில்லை. நீக்கக் கூடாது என்பதே என் கருத்தும்.

இதே காலத்தில் குற்றம் என்பதன் எல்லையும் விரிந்துகொண்டே போனது. கடலோரத்தில் பிறந்தவன் உப்புக் காய்ச்சினால் குற்றம். 1882 காட்டுச் சட்டத்துக்குப் பிறகு மலையடிவாரத்துக்காரன் மூங்கில் வெட்டினால் குற்றம், ஆடு மேய்த்தால் குற்றம். 1886 ஆப்காரிச் சட்டத்துக்குப் பிறகு உரிமம் இல்லாமல் கள் இறக்கினால் குற்றம். பாட்டன் செய்த அதே வேலையைச் செய்த பேரன் திருடன் ஆனான்.

குறவர்கள் கதையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. கடற்கரையிலிருந்து பொதிமாடுகளில் உப்பு ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், திரும்பும்போது தானியம் ஏற்றி வருகிற வணிகர்கள் அவர்கள். 1870களில் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே வந்தபோது, இங்கே அது தேவையில்லை என்றே சென்னை நிர்வாகம் இருந்தது. அலைந்து திரிகிறவர்களால் ஊர்களுக்குப் பயன் உண்டு என்று அதிகாரிகளுக்கே தெரியும். பிறகு ரயில் உப்பை ஏற்றிக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சத்தில் மாடுகள் செத்தன, மனிதர்களும் செத்தார்கள். காடு அடைபட்டது. பிழைப்பைப் பறித்துவிட்டு, பிழைப்பில்லாமல் திரிகிறான் என்று அவன் மேல் சந்தேகப்பட்டார்கள். 1911இல் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

தச்சன் மகன் தச்சன், கொல்லன் மகன் கொல்லன், ஆகவே களவாளி மகன் களவாளி என்பதுதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் அடிப்படை. ஒரு சாதியையே அரசு அறிவிக்கை வழியாகக் குற்றக் கூட்டம் ஆக்கிவிடலாம். அந்த அறிவிக்கையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. ஒருவன் ஒரு மிளகாய்ப் பழத்தைக்கூடத் திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். குடும்பம் குடும்பமாகக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். ஆந்திரத்துப் பாபட்லா பக்கம் இரட்சணிய சேனை நடத்திய குடியிருப்புக்கு ஹெரால்டு ஸ்டூவர்ட் என்ற சென்னை அரசு உயரதிகாரியின் பெயரை வைத்தார்கள். ஸ்டூவர்ட்புரம் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

நம் மதுரைக்கு வருகிறேன். 1914இல் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிரமலைக் கள்ளர்களை ஊர் ஊராகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஏன் பிரமலை? மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள்மீதும் போலீஸ் பதிவேடுகளில் குறிப்புகள் இருந்தன. ஆனால் 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து மேலூருக்குத் தண்ணீர் போனது, நஞ்சை விளைந்தது, பழைய பேச்சு குறைந்தது. மேற்கே உசிலம்பட்டிச் சீமைக்கு அந்தத் தண்ணீர் வரவில்லை. ஒரு பக்கம் வாய்க்கால் போனது, இன்னொரு பக்கம் ரேகைப் பதிவேடு போனது. குற்றம் பரம்பரையில் வருகிறதா வறட்சியில் வருகிறதா என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்திலேயே விடை இருந்தது. அவர்கள் அதைப் படிக்க விரும்பவில்லை.

மக்கள் அந்தச் சட்டத்தை ரேகைச் சட்டம் என்றார்கள். வயது வந்த ஆண்கள் எல்லோரும் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். ராத்திரியில் வீட்டில் படுக்க முடியாது, சாவடியிலோ ஸ்டேஷனிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்கி, போகிற ஊரில் காட்ட வேண்டும். கலியாணம் முடிந்த அன்று இரவும் மாப்பிள்ளை சாவடியில்தான் படுத்தான் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கைரேகையை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உலகின் முதல் கைரேகை நிலையங்களில் ஒன்று 1897இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அவ்வளவு நுட்பமான அறிவை, குற்றம் செய்யாத ஊர்களின் மேல் பயன்படுத்தினார்கள்.

பெருங்காமநல்லூர் மறுத்தது. நாங்கள் உழுது பிழைக்கிறோம், எங்கள் மேல் குற்றம் இல்லை, எதற்கு ரேகை என்று கேட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதப் போலீஸ் ஊருக்குள் வந்தது, கூட்டம் கலையவில்லை, சுட்டார்கள். பதினாறு பேர் மாண்டார்கள். ஒருவர் பெண், பெயர் மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவரைக் குத்திக் கொன்றார்கள் என்று ஊர் சொல்கிறது. இதைத் தென்னகத்து ஜாலியன்வாலாபாக் என்று மேடைகளில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்னோர் ஊரின் பெயரைக் கடன் வாங்கினால்தான் இந்த ஊரின் சாவுக்கு மதிப்பா? பெருங்காமநல்லூர் என்று சொன்னாலே போதும் என்ற நிலை வர வேண்டும். பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது முழுதாக வந்தால் அது வரும்.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு கள்ளர் சீரமைப்புத் திட்டம் வந்தது. பள்ளிகள் திறந்தார்கள், அவற்றின் வழியில் வந்த பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அவற்றில் படித்து உயர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். நன்மை வந்ததை மறைக்க வேண்டாம், எந்த விலையில் வந்தது என்பதை மறக்கவும் வேண்டாம்.

எதிர்ப்பு ஓயவில்லை. கேரளத்திலிருந்து வந்து மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்கள் பக்கம் நின்றார். அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பொதுவுடைமை இயக்கத்தாரும் சேர்ந்தார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31 அன்று. விடுதலை கிடைத்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகும் பிறப்பால் குற்றவாளிகளாக இருந்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள்.

நீங்கியது சட்டம்தான். 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளுக்கான கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. சாதிப் பெயருக்குப் பதிலாகத் தனி ஆள் பெயர், ஆனால் பதிவேட்டுப் பழக்கம் அதேதான். திருட்டு நடந்தால் குறவர் குடியிருப்பில் போய் ஆள் பிடிக்கிற வழக்கம் எப்போது நின்றது என்று அந்த மக்களைக் கேட்டுப் பாருங்கள்.

சுதந்திரத் தமிழ்நாட்டில் போலீசுக்குக் காவல்துறை என்று பெயர் வைத்தோம். நல்ல தமிழ், பழைய சொல். ஸ்தலக் காவலின் பெயரை மீட்டோம், அதன் ஈட்டுப் பொறுப்பை மீட்கவில்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க நீதிபதிகள் தலைமையில் தனி அமைப்பு வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டம் மாநில அமைப்புக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அமைப்புக்குக் கலெக்டரையும் தலைவர் ஆக்கியது. 1816இல் யாரிடம் முறையிட்டார்களோ, அதே நாற்காலி. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன தந்தையும் மகனும் இறந்தபோது நாம் எல்லோரும் அதிர்ந்தோம். 1855 அறிக்கையைப் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேதனை இருந்தது.

கடைக்கோடிக் கான்ஸ்டபிளின் மேல் மட்டும் பழியைப் போட்டு முடிக்க நான் வரவில்லை. அது 1855 குழு செய்த வேலை. மேலதிகாரிக்கு மட்டும் பதில் சொல்லப் பழக்கிய அமைப்பில் அவரும் மாட்டிக்கொண்டவர். தவறு நடந்தால் விசாரிக்கிற அதிகாரத்தை, துறைக்கும் கலெக்டருக்கும் வெளியே இருக்கிற நீதிபதியிடம் கொடுக்க வேண்டும். அதன் முடிவு அந்தந்த ஊருக்குத் தெரிய வேண்டும், இழந்தவனுக்கு ஈடும் கிடைக்க வேண்டும். இதைக் கேட்பது போலீசுக்கு எதிரான பேச்சு ஆகாது. காவல் என்ற சொல்லுக்கு நம் ஊர்கள் வைத்திருந்த பழைய பொருளைக் கேட்கிறோம்.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டம் நீங்கிய 1947இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். அப்பனைச் சாவடிக்கு அனுப்பிவிட்டு அம்மாவோடு இருட்டில் படுத்திருந்த பிள்ளைகள் அவர்கள். உங்கள் ஊரில் அப்படி யாரேனும் இருந்தால் இந்த விடுமுறையிலேயே போய் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், சாவடி இருந்த இடம், ராதாரிச் சீட்டின் நிறம், என்ன சொன்னாலும் அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். அந்தப் பதிவேட்டைப் போலீஸ் எழுதியது. இதை நீங்கள் எழுதுங்கள்.